மாமனார் விட்டுச் சென்ற கடன்

(வானொலி இலக்கிய உரைத் தொடரில், கடித இலக்கியம் என்ற வரிசையில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)



கடித இலக்கியம் என்றதும் நமக்குச் சில பெயர்கள் உடனே நினைவுக்கு வரும். ரசிகமணி டி. கே. சி. நண்பர்களுக்கு எழுதியவை, மு. வரதராசனார் அன்னைக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் எழுதுவது போல அமைத்தவை, நேரு தம் மகளுக்கு எழுதியவை. இவற்றிலே அன்பு இருக்கும், அறிவுரை இருக்கும், நயம் இருக்கும். வட்டிக் கணக்கு இராது. இன்றைக்கு நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கடிதங்களோ வட்டிக் கணக்குக்காகவே எழுதப்பட்டவை. பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்கத் தோட்டச் சொந்தக்காரர்களும் இங்கிலாந்து வர்த்தகர்களும் எழுதிக்கொண்ட வியாபாரக் கடிதங்கள் அவை. கடன், ஆதனம், வழக்கு என்பவற்றை எடுத்துவிட்டால் அவற்றிலே மிஞ்சுவது கையொப்பம் மாத்திரந்தான். அப்படியிருந்தும் அவற்றை வாசித்து முடிக்கும்போது ஒரு பெரிய நாவலை வாசித்து முடித்த பாரம் நெஞ்சில் தங்கிவிடுகிறது. 1773ஆம் ஆண்டில் இறந்த ஒரு மனிதரின் கடனைப் பின்தொடர்ந்து போனால் அந்தப் பாரம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். அந்தக் கடனைச் சுமந்தவர் சாதாரணமானவர் அல்லர். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தோமஸ் ஜெபர்சன்.

முதலில் அந்த வியாபாரம் நடந்த முறையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா அப்போது பிரித்தானியாவின் குடியேற்ற நாடு. வேர்ஜீனியாவிலே விளைந்த பெருஞ்செல்வம் புகையிலை. புகையிலையின் பாடு எப்படிப்பட்டது என்று யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேர்ஜீனியாவிலே பெரிய தோட்டச் சொந்தக்காரர் தம் புகையிலையை ஆயிரம் இறாத்தல் அளவு கொள்ளும் பெரும் பீப்பாய்களில் அடைத்து லண்டனிலோ பிரிஸ்டலிலோ உள்ள ஒரு வர்த்தக நிலையத்துக்குக் கப்பலேற்றிவிடுவார். விற்பது அந்த நிலையத்தின் பொறுப்பு. கப்பற்கூலி, சுங்கத் தீர்வை, காப்புறுதி, கொமிசன் எல்லாம் கழித்து மிச்சத்தை அவர் பேரிலே வரவு வைப்பார்கள். அவருக்கு வேண்டிய சப்பாத்து, பட்டு, கதிரை, கண்ணாடிப் பாத்திரம், குதிரை வண்டி எல்லாவற்றையும் அதே நிலையமே வாங்கி அனுப்பிப் பற்று எழுதும். விற்ற விலையையும் வாங்கிய விலையையும் சொல்பவர் ஒருவரே. துண்டு விழுந்தால் நூற்றுக்கு ஐந்து வட்டி.

கடிதம் கடலைக் கடக்க ஆறு, எட்டுக் கிழமைகள் ஆகும். கப்பல் தாழலாம், எதிரி கையில் அகப்படலாம் என்ற பயத்தினால் ஒரே கடிதத்தின் பிரதிகளை வேறு வேறு கப்பல்களில் அனுப்புவார்கள். தம்மிடமும் ஒரு பிரதி எழுதி வைத்துக்கொள்வார்கள். அந்தப் பிரதிப் புத்தகங்கள் இருந்தபடியால்தான் இன்றைக்கு நாம் அவற்றை வாசிக்க முடிகிறது. வழக்கு வந்தால் சாட்சிக்கு உதவட்டும் என்று வைத்த பிரதிகள் சரித்திரத்துக்கு உதவின.

இந்தக் கடிதங்களின் குரல் எப்படி என்பதற்கு ஒரு பெண்ணின் கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1757ஆம் ஆண்டு ஜூலை மாதம் டானியல் பார்க் கஸ்ரிஸ் என்ற பெருந்தனவந்தர் மரண சாதனம் எழுதாமலே இறந்துபோகிறார். அவருடைய மனைவி மார்த்தாவுக்கு வயது இருபத்தாறு. கையிலே இரண்டு சிறு பிள்ளைகள். பதினேழாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், முந்நூறுக்குச் சற்றுக் குறைந்த அடிமைகள். அதோடு, கணவரின் தாய்வழிப் பாட்டனாரைப் பற்றிய ஒரு வழக்கு. அந்தப் பாட்டனார் மேற்கிந்தியத் தீவுகளிலே ஆளுநராக இருந்து 1710இல் அன்ரிகுவாவில் கலகக்காரரால் கொல்லப்பட்டவர். தீவுகளிலுள்ள சொத்தை, மணமுறைக்கு வெளியே பிறந்த ஒரு மகளுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். சொத்து அவளுக்கு என்றால் கடன்களை யார் கட்டுவது என்ற கேள்வியை வைத்துக்கொண்டு இரு கிளையாரும் பல்லாண்டு காலம் வழக்காடினார்கள். அந்த வழக்கும் இந்த இளம் விதவையின் தலையிலே வந்து விழுந்தது.

கணவர் இறந்து ஆறு கிழமையில் மார்த்தா லண்டனிலுள்ள றொபேட் கேரி நிலையத்துக்குக் கடிதம் எழுதுகிறார். கணவர் காலமானார், ஆதனத்தின் நிருவாகம் இப்போது என்னுடையது, புகையிலைக்கு நல்ல விலை எடுத்துத் தருவீர்கள் என நம்புகிறேன் என்ற அளவிலே விஷயம் போகிறது. கணவருக்கு நூறு பவுண் அளவிலே, நீடித்து நிற்கக்கூடிய நல்ல பளிங்கில் ஒரு கல்லறைக் கல் செய்து அனுப்பவும் கேட்கிறார். அழுகை என்று ஒரு வார்த்தை இல்லை. புகையிலை விலைக்குப் பக்கத்திலே கல்லறைக் கல்லும் ஒரு சாமானாக வந்து நிற்பதை வாசிக்கும்போது, அழுதிருந்தால்கூட இவ்வளவு மனம் கனத்திராது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஒன்றரை வருடம் கழித்து, 1759 ஜனவரியில் மார்த்தா மறுமணம் செய்துகொள்கிறார். மணமகன் ஜோர்ஜ் வாஷிங்டன். அவர் அதே கேரி நிலையத்துக்கு மே முதலாந் திகதி எழுதிய கடிதத்தோடு திருமண அத்தாட்சியையும் இணைத்து அனுப்புகிறார். இனிமேல் இந்த ஆதனம் சம்பந்தமான கடிதங்களை எனக்கே எழுதவும் என்பது செய்தி. அதோடு மார்த்தாவின் வியாபாரக் குரல் அந்தப் பிரதிப் புத்தகத்திலிருந்து மறைந்துபோகிறது. நமது தேசவழமையிலே முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று பிரித்து வைத்திருக்கிறோம். அந்நாளைய ஆங்கிலச் சட்டத்திலே மணமான பெண்ணின் அசையும் சொத்து கணவனுடையதாகிவிடும். நிலத்தின் ஆட்சியும் அவனுடையதே. ஐந்து வருடத்திலே வாஷிங்டனும் அந்த நிலையத்துக்கு ஏறக்குறைய 1,800 பவுண் கடன்காரராகிவிட்டார். விளைச்சல் பொய்த்தது, விலை விழுந்தது, எனக்குத் தர வேண்டியவர்கள் தரவில்லை, நீங்கள் இவ்வளவு விரைவில் நெருக்குவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று 1764இல் மனம் புண்பட்டு எழுதுகிறார். அவரை லண்டன் கடனிலிருந்து மீட்டது புகையிலை அல்ல. 1773இல் மார்த்தாவின் மகள் பதினேழு வயதிலே இறந்தபோது, அவளுடைய பங்கிலிருந்து வந்த பணம்.

அதே 1773இலேதான் நமது கதையின் நாயகராகிய கடன்காரரும் இறக்கிறார். பெயர் ஜோன் வேல்ஸ். இங்கிலாந்திலே லங்காஸ்ரரில் பிறந்து, வேர்ஜீனியாவுக்கு வந்து, சட்டத்தரணியாகிப் பணக்காரரானவர். பிரிஸ்டல் நகரத்து ஃபாரெல் அன்ட் ஜோன்ஸ் என்ற நிலையத்துக்கு அவர் முகவர். வேர்ஜீனியாத் தோட்டக்காரர் தர வேண்டிய கடனை அறவிடுவது அவருடைய தொழில்.

அவர் 1766 ஆகஸ்டிலே தம் முதலாளிகளுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. இந்த வகைக் கடிதங்களிலே நான் முதலிடம் கொடுப்பது அதற்குத்தான். இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஒருவர் வர்த்தகருக்கு ஆயிரம் பவுண் தர வேண்டும் என்றால் இனி எழும்பவே முடியாது என்று ஊர் நினைக்கும், இப்போதோ அதிலே பத்து மடங்கை அலட்சியமாகப் பேசுகிறார்கள் என்று எழுதுகிறார். முன்பெல்லாம் படுக்கையறையிலே ஒரு சின்னத் துண்டைத் தவிரத் துருக்கிக் கம்பளம் என்பதை இந்த நாட்டிலே கண்ட ஞாபகமே இல்லையாம். இப்போது வீட்டுக்கு வீடு கம்பளமாம், தளபாடமெல்லாம் பகட்டாம். கடன் பெருகிய வரலாற்றைக் கம்பளத்தை வைத்தே சொல்லிவிடுகிறார். நாவலாசிரியர்கள் படிக்க வேண்டிய கடிதம்.

அந்த மனிதரே ஏழு வருடம் கழித்து இறந்தபோது, யாருக்காகக் கடன் அறவிட்டாரோ அதே ஃபாரெல் அன்ட் ஜோன்ஸ் நிலையத்துக்குப் பல்லாயிரம் பவுண் கடன்பட்டிருந்தார். அதற்குமேல், 1772இலே ஆபிரிக்காவிலிருந்து ஒரு கப்பல் நிறைய அடிமைகளை வரவழைத்து விற்ற கணக்கிலும் அவருடைய பெயர் மற்றொருவரோடு சேர்ந்து மாட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கு பின்னாளில் தனி வழக்காகியது.

வேல்ஸின் மகள் ஒருத்தியை 1772 புதுவருட தினத்தன்று மணமுடித்திருந்தார் ஜெபர்சன். அவர் பெயரும் மார்த்தா, அவரும் விதவையாக இருந்தவர். ஜெபர்சனும் மற்ற இரண்டு மருமக்களாகிய பிரான்சிஸ் எப்ஸ், ஹென்றி ஸ்கிப்வித் என்பவர்களும் 1774 ஜனவரியில் மாமனாரின் ஆதனத்தைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஆதனத்தைப் பிரிக்காமல் வைத்துக் கடனை அதிலிருந்து கட்டியிருந்தால், கடன் ஆதனத்தோடு நின்றிருக்கும். பிரித்தபடியால் கடனும் பிரிந்து ஒவ்வொருவருடைய சொந்தத் தலையிலும் ஏறிவிட்டது. ஜெபர்சன் பங்குக்கு ஏறக்குறைய 11,000 ஏக்கர் நிலமும், 135 அடிமைகளும், நாலாயிரம் பவுண் அளவிலே கடனும் வந்தன.

அந்த 135 பேரிலே எலிசபெத் ஹெமிங்ஸ் என்ற பெண்ணும் அவருடைய பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஆறு பேர் வேல்ஸுக்கே பிறந்தவர்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. அப்படியானால் ஜெபர்சனின் மனைவி தம் தந்தையின் சொத்தாகப் பெற்றவர்களிலே அவருடைய சொந்தச் சகோதரரும் இருந்தார்கள். பங்குப் பத்திரத்தில் இதற்கென்று ஒரு நிரல் இல்லை.

ஜெபர்சன் கடனைக் கட்ட முயலவில்லை என்று சொல்ல முடியாது. வந்த நிலத்தில் பாதிக்கு மேல் விற்றார். வாங்கியவர்கள் ரொக்கம் தரவில்லை, தவணைக் கடன்முறி எழுதிக் கொடுத்தார்கள். அந்த முறிகளை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஜோன்ஸின் முகவரிடம் நீட்டினார். முகவர் மறுத்துவிட்டார். பிறகு யுத்தம் வந்தது. கடதாசிப் பணம் அச்சடிக்கப்பட்டு அதன் மதிப்புச் சரிந்தது. நிலம் வாங்கியவர்கள் அந்தக் கடதாசியிலே காசைக் கட்டினார்கள். ஓக் மரத்து இலைக்குக்கூட அது பெறுமதியில்லை என்பது ஜெபர்சனின் கணிப்பு. நிலமும் போயிற்று, கடனும் நின்றது.

1777இலே வேர்ஜீனியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. பிரித்தானியருக்குக் கடன் தர வேண்டியவர்கள் அந்தப் பணத்தை மாநிலத்தின் கடன் அலுவலகத்திலே கட்டி ஒரு பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்த அளவுக்குக் கடன் தீர்ந்ததாகக் கொள்ளப்படும். பெறுமதியற்ற கடதாசியைக் கொடுத்துப் பவுண் கடனைத் தீர்க்க இதைவிட வசதியான வழி வேறென்ன? பலர் கட்டினார்கள். ஜெபர்சனும் கட்டினார். 1783இலே சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானபோது அதன் நாலாவது சரத்து, இரு தரப்புக் கடன்காரரிடமிருந்தும் முழுப் பெறுமதியை அறவிடச் சட்டத்தடை எதுவும் இருக்கலாகாது என்று சொல்லிவிட்டது. வேர்ஜீனியா நீதிமன்றங்களோ கதவைத் திறக்கவில்லை.

அடுத்து வருவது 1787 ஜனவரி 5ஆந் திகதிக் கடிதம். ஜெபர்சன் அப்போது பாரிஸிலே அமெரிக்கத் தூதுவர். பிரிஸ்டல் நகரத்து வில்லியம் ஜோன்ஸுக்கு எழுதுகிறார். மூலக் கடிதத்தை அழுத்திப் பிரதி எடுக்கும் ஒரு யந்திரம் அவரிடம் இருந்தது. அவர் எழுதியவை ஏறக்குறைய 19,000 கடிதங்கள் என்பார்கள். அவை 1950 முதல் தொகுதி தொகுதியாக அச்சில் வந்துகொண்டிருக்கின்றன.

இந்தக் கடிதத்திலே மூன்று குரல்கள் கேட்கின்றன. முதலாவது, கௌரவமுள்ள கடன்காரரின் குரல். வேர்ஜீனியாவின் சட்டம் எதுவாயிருந்தாலும் அது என் நடத்தையை மாற்றாது, நீதிப்படி தர வேண்டியதைத் தருவேன் என்கிறார். கடன் அலுவலகத்துப் பற்றுச்சீட்டின் பின்னால் அவர் ஒளிந்துகொள்ளவில்லை. இதை மெச்சத்தான் வேண்டும்.

இரண்டாவது, சட்டத்தரணியின் குரல். முதலைத் தருவேன், வட்டியும் தருவேன். ஆனால் 1775 ஏப்ரல் 19 முதல் 1783 ஏப்ரல் 19 வரையான எட்டு வருட வட்டியைத் தர மாட்டேன். உங்கள் அரசன் எங்கள் மேல் யுத்தம் தொடுத்த காலம் அது.

மூன்றாவது, காயப்பட்ட மனிதரின் குரல். 1781இலே கோர்ன்வாலிஸ் பிரபுவின் படை எல்க் ஹில் என்ற தோட்டத்தில் பத்து நாள் தங்கியது. மாமனார் வழியே வந்த தோட்டம் அது. இந்தக் கோர்ன்வாலிஸ்தான் பின்னர் இந்தியாவுக்கு மகாதேசாதிபதியாக வந்து திப்பு சுல்தானோடு போரிட்டவர். அவருடைய படை வேலிகளையும் களஞ்சியங்களையும் எரித்தது, கால்நடைகளை அழித்தது, முப்பது அடிமைகளைக் கொண்டுபோயிற்று. உங்கள் கடனை முதலும் வட்டியுமாகக் கட்டியிருக்கக்கூடிய பெறுமதியை அந்தப் பத்து நாளில் இழந்தேன் என்று கணக்குக் காட்டுகிறார். அந்த முப்பது பேருக்கு விடுதலை கொடுக்கக் கொண்டுபோயிருந்தால் கோர்ன்வாலிஸ் செய்தது சரி, பெரியம்மைக்கும் காய்ச்சலுக்கும் அல்லவா கொடுத்தான் என்று அடுத்த வருடம் இன்னொருவருக்கு எழுதினார். கடன்காரர்களை மாத்திரம் நினைத்துக்கொண்டு எழுதுபவர் இப்படி எழுதியிருக்க மாட்டார். ஆனால் ஜோன்ஸுக்கு எழுதிய கடிதத்திலே அந்த முப்பது பேரும் வேலிகளோடும் மாடுகளோடும் ஒரே நட்டக் கணக்கிலேதான் நிற்கிறார்கள்.

அதே 1787இலே ஜூலை மாதம், ஊரிலே தம் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நிக்கலஸ் லூயிஸ் என்பவருக்கு அவர் எழுதிய கடிதத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இனிமேலும் நிலத்தை விற்க மனமில்லை என்கிறார். அடிமைகளை விற்கவும் விருப்பமில்லை, அவர்களுடைய உழைப்பினாலேயே கடனைத் தீர்க்கும் நம்பிக்கை இருக்கும் வரையில். ஆகவே அவர்களைச் சில காலத்துக்குக் கடுமையாக வேலை வாங்க வேண்டும், கடன் தீர்ந்தவுடன் அவர்களுடைய நிலையை இலேசாக்குவேன் என்கிறார். இதையெல்லாம் அவர்களுடைய நன்மையைக் கருதியே செய்கிறேன் என்றும் சொல்கிறார். அதற்கு அவர் காட்டும் நியாயத்தைக் கவனியுங்கள்: ஆதனத்தின் கடனிலே மூன்றில் இரண்டு பங்கு அவர்களை வாங்கியதால் உண்டான கடனாம்.

நேயர்களே, தன்னை வாங்கிய கடனைத் தானே உழைத்துக் கட்ட வேண்டும். கட்டினாலும் விடுதலை இல்லை, இலேசான வேலைதான் என்ற ஒரு கணக்கை இவ்வளவு அமைதியாக எழுதிவிட முடிகிறது. வஞ்சகமான கடிதம் என்று நான் இதைச் சொல்ல மாட்டேன். எழுதியவர் தம்மை நல்லவராக நினைத்துக்கொண்டே எழுதியிருக்கிறார். அதுதான் அதை மறக்க முடியாத கடிதமாக்குகிறது.

இரண்டு வருடம் கழித்து, 1789 செப்டெம்பர் 6ஆந் திகதி, பாரிஸிலிருந்தே தம் நண்பர் ஜேம்ஸ் மடிசனுக்கு ஜெபர்சன் எழுதிய கடிதம் உலகப் புகழ் பெற்றது. அரசியல் தத்துவம் படிக்கும் மாணவர் எல்லோருக்கும் அது பாடம். பூமி உயிரோடிருப்பவர்களுக்கு உரியது, இறந்தவர்களுக்கு அதன்மேல் அதிகாரமில்லை என்பது அதன் சாரம். ஒரு தலைமுறை தான் பட்ட கடனை அடுத்த தலைமுறையின் தலையிலே ஏற்றக் கூடாது. ஆயுள் அட்டவணைகளை வைத்துக் கணக்குப் பார்த்து, ஒரு தலைமுறையின் காலம் பத்தொன்பது வருடம் என்கிறார். நாட்டுக் கடனும் சட்டங்களும் அந்தக் காலத்தோடு முடிய வேண்டுமாம். தந்தையின் கடனுக்கு மகன் பொறுப்பு என்பதுகூட இயற்கை விதி அல்ல, சமுதாயம் செய்துகொண்ட ஏற்பாடுதான் என்றும் அதிலே விளக்குகிறார்.

இந்தக் கடிதத்தைத் தனியே படிப்பவர்கள் பிரெஞ்சுப் புரட்சியின் காற்று அதில் வீசுகிறது என்பார்கள். அது உண்மையே. பஸ்ரில் சிறை வீழ்ந்து இரண்டு மாதமும் ஆகவில்லை. ஆனால் ஜோன்ஸுக்கு எழுதிய கடிதத்தையும் படித்துவிட்டு இதற்கு வருபவருக்கு வேறொன்றும் புலப்படும். பதினாறு வருடத்துக்கு முன் இறந்துபோன ஒரு மாமனாரின் கை இந்த மனிதருடைய கழுத்திலே இன்னும் கிடக்கிறது. வேர்ஜீனியாவிலே கடன் தலைமுறை தலைமுறையாகத் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது, தோட்டக்காரரே லண்டன் வர்த்தகரின் உடைமை போல ஆகிவிட்டார்கள் என்று அவர் அதற்கு முன்பே எழுதியிருந்தார். உடைமை என்ற அந்த உவமையை, உண்மையாகவே உடைமையாக்கப்பட்டவர்களின் எசமானர் எழுதுகிறார் என்பது வேறு விஷயம்.

வழக்குகளின் பகுதியைச் சுருக்கிச் சொல்கிறேன். 1790இலே ஜெபர்சன் ஜோன்ஸின் முகவரோடு இணங்கி, கடனை ஏழு வருடத் தவணைகளாகப் பிரித்துக்கொண்டார். நாட்டின் வெளிவிவகாரச் செயலாளராகி 1792இலே பிரித்தானியத் தூதுவருக்கு ஒரு மிக நீண்ட கடிதம் எழுதினார். யுத்த கால வட்டி ஏன் தர வேண்டியதில்லை என்ற வாதம் அதிலும் வருகிறது. பிரிஸ்டல் வர்த்தகருக்குத் தனி மனிதராகச் சொன்னதை இப்போது நாடு நாட்டுக்குச் சொல்கிறது.

தவணைக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் நீதிமன்றத்திலே நின்றார்கள். அவற்றிலே பேர்போனது வெயார் எதிர் ஹில்டன் என்ற வழக்கு. 1774 ஜூலையில் எழுதிய ஒரு கடன்முறி. தொகை 2,976 பவுண் 11 சிலிங் 6 பென்ஸ். பெற வேண்டியவர்கள் அதே ஃபாரெல் அன்ட் ஜோன்ஸ். எழுதிக் கொடுத்தவர்களிலே ஒருவர் ஜெபர்சனின் சகலர் பிரான்சிஸ் எப்ஸ். வழக்கு முடிவதற்குள் ஃபாரெலும் இறந்தார், ஜோன்ஸும் இறந்தார். ஆதன நிருவாகியான வெயார் என்பவர் வழக்கை நடத்தினார். கீழ் நீதிமன்றத்திலே கடன்காரருக்காகப் பற்றிக் ஹென்றி நாட்கணக்காகப் பேசினார். அமெரிக்க உயர் நீதிமன்றத்திலே பேசியவர் ஜோன் மார்ஷல். பின்னாளில் அந்த நீதிமன்றத்துக்கே பிரதம நீதியரசராகி, மாநிலச் சட்டத்தைவிட ஐக்கிய அரசின் அதிகாரமே மேலானது என்று நிலைநாட்டப் போகிறவர், அன்றைக்கு மாநிலச் சட்டத்தின் பக்கம் நின்று வாதாடித் தோற்றார். 1796 மார்ச்சில் வந்த தீர்ப்பு, சமாதான உடன்படிக்கை வேர்ஜீனியாவின் சட்டத்தை வென்றுவிடும், கடதாசிப் பணம் கட்டிய பற்றுச்சீட்டு செல்லாது என்றது. சட்ட மாணவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். அதன் அடியிலே கிடப்பது சில புகையிலைப் பீப்பாய்களின் கணக்கு. மிச்சக் கோரிக்கைகளுக்காக 1802இலே அமெரிக்க அரசு 600,000 பவுண் தர உடன்பட்டு விவகாரத்தை முடித்துக்கொண்டது.

அரசுகள் அப்படி முடித்துக்கொண்டன. தோட்டத்திலே அது எப்படி முடிந்தது என்பதற்குத் திரும்பவும் கடிதங்களுக்கே வர வேண்டும்.

நிலத்தையும் அடிமைகளையும் விற்க மனமில்லை என்று எழுதியவர், விற்றார். 1784 முதல் 1794 வரையான பத்து வருடத்திலே, விற்றும் குடும்பத்தாருக்குக் கொடுத்தும் ஜெபர்சன் கையிலிருந்து போனவர்கள் 161 பேர் என்று ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். அவர்களிலே ஒருவர் மேரி ஹெமிங்ஸ். மாமனார் ஆதனத்தோடு வந்த எலிசபெத் ஹெமிங்ஸின் மூத்த மகள். அவர் ஒரு வர்த்தகரிடம் வாடகைக்கு விடப்பட்டு, அவரோடே வாழ்ந்து, அவருக்குப் பிள்ளைகளும் பெற்றிருந்தார். தன்னை அவருக்கே விற்றுவிடும்படி மேரி கேட்டுக்கொண்டார். 1792 ஏப்ரலில் ஜெபர்சன் நிக்கலஸ் லூயிஸுக்கு எழுதிய வரி மிகவும் சுருக்கமானது. மேரியை அவள் விரும்பியபடி கொடுத்துவிடவும், இளைய பிள்ளைகளில் அவள் விரும்புபவர்களையும் சேர்த்து. இளைய என்ற சொல்லை அவர் தெரிந்துதான் போட்டிருக்கிறார். பன்னிரண்டு வயது ஜோசப்பும் ஒன்பது வயது பெற்சியும் அந்தச் சொல்லுக்குள் அடங்கவில்லை. அவர்கள் மொன்டிசெலோவிலேயே நின்றுவிட்டார்கள்.

ஜெபர்சனின் கடைசிக் காலக் கடனெல்லாம் மாமனாருடையது என்று சொல்லிவிடக் கூடாது. வீட்டை இடித்து இடித்துக் கட்டிய செலவு, வைன், புத்தகங்கள், வந்து குவிந்த விருந்தாளிகள், விளைபொருள் விலை வீழ்ச்சி எல்லாம் சேர்ந்தன. 1818இலே ஒரு நண்பருக்கு 20,000 டொலருக்குப் பிணை நின்றார். அடுத்த வருடம் பொருளாதாரம் சரிந்தது, நண்பர் முறிந்தார், அதற்கடுத்த வருடம் இறந்தும் போனார். கடன் பிணை நின்றவருடையதாயிற்று. நமது ஊர்களிலும் கேட்ட கதைதான். 1826 ஜூலை 4ஆந் திகதி, சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளிலே, ஜெபர்சன் இறந்தபோது இருந்த கடன் 107,000 டொலருக்கு மேல். பூமி உயிரோடிருப்பவர்களுக்கு உரியது என்று எழுதியவரின் கடன், மகள் வயிற்றுப் பேரன் தலையிலே ஏறியது.

மேரியின் மகன் ஜோசப் ஃபொசெற் மொன்டிசெலோவிலே கொல்லராக வேலை செய்து வளர்ந்தவர். மரண சாதனத்திலே ஜெபர்சன் ஐந்து பேருக்கு விடுதலை எழுதியிருந்தார். அவர்களிலே ஜோசப்பும் ஒருவர். அந்த விடுதலை நடைமுறைக்கு வர இருந்தது 1827 ஜூலையில். அதற்கு முன், 1827 ஜனவரியில், கடனை அடைப்பதற்காக 130 அடிமைகளும் கால்நடைகளும் தளபாடங்களும் மொன்டிசெலோவிலே ஏலத்துக்கு வந்தன. ஜோசப்பின் மனைவி எடித், ஜனாதிபதி மாளிகையிலே ஜெபர்சனுக்குச் சமைத்தவர். அவரையும் பிள்ளைகளையும் அந்த ஏலத்திலே வெவ்வேறு ஆட்கள் வாங்கிப் போனார்கள். ஜோசப் பின்னர் தம் கொல்லுப்பட்டறை உழைப்பையும் தாய் மேரியின் உதவியையும் கொண்டு மனைவியையும் சில பிள்ளைகளையும் மீட்டு, அவர்களோடு ஒஹாயோவுக்குப் போனார்.

மகன் பீற்றருக்கு ஏலத்தன்று பதினொரு வயது. அவனை வாங்கியவர், பணம் கொண்டுவந்தால் தகப்பனிடமே திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். தகப்பன் பணத்தோடு போனபோது கொடுக்க மறுத்துவிட்டார். எழுதக் கற்றிருந்த பீற்றர், தப்பி ஓடும் மற்றவர்களுக்குப் பயண அனுமதிச் சீட்டுகளை எழுதிக் கொடுத்தார். 1850ஆம் ஆண்டிலேதான் அவர் விடுதலையாகி, சின்சினாற்றி நகரத்திலே தம் குடும்பத்தாரிடம் போய்ச் சேர்ந்தார். ஜோன் வேல்ஸ் இறந்து அப்போது எழுபத்தேழு வருடங்கள் ஆகியிருந்தன.